கண்ணாடி இழை கடக்காத கோடு

அவையோர் இப்போது அமர்ந்திருக்கும் நாற்காலியிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். கல்யாண மண்டபத்திலும் டீக்கடை வாசலிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் நீளநீளமாகத் திறப்புகள் இருக்கும். ஏதாவது ஒரு திறப்பின் மேல்நுனிக்குச் சற்று மேலே, வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் பார்த்தால் தலைமயிர் போல ஒரு கோடு தெரியும். அது கீறலும் இல்லை, வெடிப்பும் இல்லை. நாற்காலியை வார்த்தபோது இருக்கையின் அடியிலிருந்து புறப்பட்ட உருகிய பாலிபுரொப்பிலீன், அந்தத் திறப்பின் இரு பக்கமும் பிரிந்து ஏறி, மறுபடியும் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்த இடம். மோல்டிங் பட்டறைகளில் இதை வெல்டு லைன் என்பார்கள். பெயரில் வெல்டிங் இருந்தாலும் யாரும் பற்றவைத்ததில்லை. பொருள் தானே ஒட்டிக்கொண்டதால் வந்த தழும்பு அது.

நாற்காலியில் அந்தத் தழும்பு பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. கார் ரேடியேட்டரின் விசிறியிலோ, போர்வெல் மோட்டாரின் இம்பெல்லரிலோ, கை டிரில்லிங் மெஷினின் உடலிலோ விழுந்தால் நிலைமை வேறு. இவை பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல. உறுதிக்காகக் கண்ணாடி இழை கலந்தவை. உறுதிக்காகச் சேர்த்த அந்தக் கண்ணாடி, தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் கைவிட்டுவிடுகிறது. ஏன் கைவிடுகிறது, பழி யார் தலையில் விழுகிறது, உண்மையில் அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே இந்த உரையின் பொருள்.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பழைய தொழில். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயத்தும் அவர் சகோதரர் ஐசையாவும் செல்லுலாய்டை அழுத்தித் தள்ளும் இயந்திரத்துக்கு 1872ல் காப்புரிமை பெற்றார்கள். பெரிய ஊசிமருந்துக் குழாய் என்று அதைச் சொல்லலாம். 1946ல் ஜேம்ஸ் வாட்சன் ஹெண்ட்ரி தள்ளுகோலுக்குப் பதிலாகத் திருகைப் புகுத்தினார். இன்று சென்னையிலும் ஓசூரிலும் கோவையிலும் ஓடுகிற மெஷின்களின் உயிர் அந்தத் திருகில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் குருணை பேரலுக்குள் விழும். திருகு சுழன்று அதைப் பிசைந்து உருக்கும். பிறகு திருகே முன்னால் பாய்ந்து, கேட் என்னும் சிறு வாசல் வழியாக உருகலை மோல்டுக்குள் செலுத்தும். நைலான் 66 என்றால் உருகலின் சூடு 280 முதல் 300 டிகிரி செல்சியஸ். மோல்டின் எஃகுச் சுவரோ 80 முதல் 100 டிகிரி. சில நொடிகளில் மோல்டு நிறைந்தாக வேண்டும். தாமதித்தால் வழியிலேயே உறைந்துவிடும்.

பொருளில் ஒரு துளை இருந்தால் உருகல் பிரிந்து சேர வேண்டியிருக்கும். இரண்டு கேட் வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவே சந்திக்கும். ஓர் இடம் தடிமனாகவும் பக்கத்து இடம் மெல்லியதாகவும் இருந்தால், தடிமனான இடத்தில் முந்தி ஓடி, மெல்லிய இடத்தைச் சுற்றி வளைத்துப் பின்புறமாக வந்து முட்டும். இப்படி முட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு. துளையோ, திறப்போ, ஒன்றுக்கு மேற்பட்ட கேட்டோ இல்லாத தொழிற்பொருள் அபூர்வம். ஆகவே கோடில்லாத பொருளும் அபூர்வம்.

தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதன் முதல் பாதி எளிதில் புரியும். காய்ந்த கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பரப்பி, சற்றுப் பொறுத்து அதை ஒட்டினாற்போல் இன்னொரு கரண்டி ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே தோசையாகத்தான் தெரியும். திருப்பிப் போடும்போது சேர்ந்த இடத்தில் கிழியும். முதல் மாவின் ஓரம் அதற்குள் வெந்து இறுகிப்போனதுதான் காரணம். மோல்டுக்குள்ளும் உருகலின் முகம் குளிர்ந்த எஃகை உரசியபடியே வருகிறது. எதிரெதிர் முகங்கள் நெருங்கும்போது நடுவே சிக்கிய காற்று வெளியேற வழி தேடுகிறது. வெளிப்பரப்பில், ஆங்கில வி எழுத்தின் வடிவில் மிக நுண்ணிய பள்ளம் ஒன்று தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற கோடு அந்தப் பள்ளம்தான்.

ஆனாலும் வெறும் பிளாஸ்டிக், இந்தக் காயத்தைப் பெருமளவு தானே ஆற்றிக்கொள்ளும். பாலிமர் என்பது சிக்கிய நூல்கண்டு போன்ற நெடிய மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். சூடு இருக்கும்வரை அவை நெளிந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் தடைகள் நெருக்கும்போது சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாமல், பாம்பு ஊர்வதைப் போலத் தன் நீளத்தின் வழியே ஊர்ந்து செல்கிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-கில் த ஜென் 1971ல் விளக்கினார். 1991ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முகங்கள் தொட்ட கணத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தப் பக்கம் ஊர்கின்றன, அந்தப் பக்கத்தவை இங்கே வருகின்றன, இரண்டும் பின்னிக்கொள்கின்றன. கண்ணாடி சேராத பாலிகார்பனேட்டில் கோடு விழுந்த துண்டு, கோடில்லாத துண்டின் இழுவலிமையில் ஏறத்தாழ 99 சதவீதத்தைத் தாங்குகிறது. காயம் ஆறிவிட்டது என்றே சொல்லலாம்.

இனி கண்ணாடி இழைக்கு வருவோம்.

மண்சுவர் எழுப்புகிறவர்கள் சேற்றில் வைக்கோலைத் தூவி மிதிப்பார்கள். சுவர் காயும்போது பிளவு விட்டால், பிளவின் குறுக்கே கிடக்கும் வைக்கோல் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிளவோடு சேர்ந்து நீளவாக்கில் கிடக்கும் வைக்கோலால் பயனில்லை. பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழையின் வேலையும் இதுவே. இழையின் விட்டம் 10 முதல் 13 மைக்ரான். மனித மயிரைவிட மெல்லியது. கலவை தயாரிக்கும்போது 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் சேர்க்கப்படுவது, திருகுகளின் கடைசலில் நொறுங்கி, பொருளாக வெளிவரும்போது சராசரியாகக் கால் மில்லிமீட்டர் அளவில் நிற்கும். அவ்வளவு நொறுங்கியும் அது சாதிப்பது பெரிது. நைலான் 66 தனியாக இருந்தால், ஈரம் ஏறாத நிலையில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 நியூட்டன் இழுப்பைத் தாங்கும். பொறியாளர் மொழியில் 80 மெகாபாஸ்கல். எடையில் 30 சதவீதம் கண்ணாடி சேர்த்தால் அது 180ஐத் தொடும். அலுமினிய வார்ப்புகளின் இடத்தை இந்தக் கலவை பிடித்ததற்கு இதுவே காரணம்.

இவ்வளவு உறுதியான பொருள் கோட்டின் மேல் என்ன ஆகிறது? 1970களிலிருந்து வடிவமைப்புக் கையேடுகளில் திரும்பத் திரும்ப அச்சாகிவரும் அளவுகளைப் பார்க்கலாம். பாலிபுரொப்பிலீனில் கண்ணாடி இல்லாதபோது கோட்டின் மேல் மிஞ்சும் வலிமை 86 சதவீதம். 20 சதவீதம் கண்ணாடி சேர்த்தால் 47. 30 சதவீதம் சேர்த்தால் 34. 99 சதவீதத்தில் நின்ற பாலிகார்பனேட், 30 சதவீதம் கண்ணாடியோடு 64க்கு இறங்குகிறது. நைலான் 66ம் அதே அளவு கண்ணாடியோடு 60 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 40 சதவீதம் கண்ணாடி கொண்ட பாலிஃபினிலீன் சல்ஃபைடில் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு.

பாலிபுரொப்பிலீன் கணக்கை மட்டும் இன்னொரு படி போட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணாடி இல்லாதபோது அதன் வலிமை சுமார் 35 மெகாபாஸ்கல். கோட்டின் மேல் அதில் 86 சதவீதம், அதாவது 30. கண்ணாடி 30 சதவீதம் சேர்த்து, இழையும் பிளாஸ்டிக்கும் நன்றாக ஒட்டும்படி செய்த ரகத்தின் வலிமை சுமார் 85. கோட்டின் மேல் அதில் 34 சதவீதம், அதாவது 29. இரண்டும் ஒன்றுதான்! காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த கண்ணாடி முழுவதும் அந்தக் கோட்டில் இல்லாததற்குச் சமம். இதில் ஆபத்து என்னவென்றால், வடிவமைப்பாளர் 85ஐ நம்பிச் சுவரை மெலிதாக்கியிருப்பார். வெறும் பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் தடிமனாக இருந்திருக்கும் இடம், இப்போது அதே 29ஐ வைத்துக்கொண்டு கூடுதல் பாரத்தைச் சுமக்கிறது.

கண்ணாடி எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கோட்டின் இரு பக்கமும் நிறையவே கிடக்கிறது; கிடக்கிற திசைதான் தவறு.

மேட்டூர் திறந்து, வறண்டு கிடந்த காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைக் கரையோர ஊர்க்காரர்கள் கூடி நின்று பார்ப்பார்கள். தண்ணீரின் முகத்தில் சருகும் குச்சியும் வைக்கோலும் நுரையோடு ஒதுங்கி, ஓட்டத்துக்குக் குறுக்கே வரிசை கட்டியபடி வரும். முகத்துக்குப் பின்னால் வருகிற குச்சிகள் ஓட்டத்தோடு நீளவாக்கில் மிதந்து வரலாம். முகத்தை எட்டியதும் அவையும் குறுக்காகத் திரும்பிவிடும். மோல்டுக்குள் உருகலின் முகத்திலும் இப்படியே நடக்கிறது. நடுவில் ஓடும் உருகல் வேகமாக வந்து முகத்தை எட்டி, ஊற்றுநீர் போல இரு பக்கச் சுவர்களை நோக்கி விரிகிறது. விரியும்போது இழைகளையும் இழுத்து, முகத்தோடு முகமாகப் படுக்க வைக்கிறது. இந்த ஓட்டத்துக்கு ஊற்று ஓட்டம் என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து, கல்லணைக்கு அருகே இரண்டு புதுவெள்ள முகங்களாக நேருக்கு நேர் மோதுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். இந்த முகத்தின் குச்சிகளும் அந்த முகத்தின் குச்சிகளும் இரண்டு வேலிகளைப் போல அருகருகே படுத்துக்கொள்ளும். ஒரு குச்சிகூட இங்கிருந்து அங்கே நீட்டிக்கொண்டு கிடக்காது. தண்ணீர் கலந்துவிடும், குச்சி கலக்காது. வெல்டு லைனின் முழு ரகசியமும் இதில் இருக்கிறது. மூலக்கூறுச் சங்கிலியின் சுருள் சுமார் 20 நானோமீட்டர் அகலம். இழையின் நீளம் அதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். சங்கிலி ஊர்ந்து கடக்கும் நேரத்தில் இழை திரும்பிக்கூடப் படுக்காது. கோடு என்பதும் பெயருக்குத்தான்: இழைகள் திசைமாறிக் கிடக்கும் பட்டை, கண்ணுக்குத் தெரியும் கோட்டைவிடப் பல மடங்கு அகலமானது.

இரண்டு முகங்கள் நேருக்கு நேர் மோதி நின்றுவிடுவது ஒரு வகை. சாய்வாகச் சந்தித்து, சேர்ந்தபின் ஒரே திசையில் தொடர்ந்து ஓடுவது இன்னொரு வகை. சந்திக்கும் கோணம் 135 டிகிரியைத் தாண்டினால் கோடு மங்கத் தொடங்கும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. நின்றுபோகும் வகையே மோசமானது.

அந்த மோசமான வகைக்கு ரேடியேட்டர் விசிறியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். பல கார்களில் இந்த விசிறியின் இறக்கைகளுடைய நுனிகளை ஒரு வெளிவளையம் இணைத்திருக்கும். அதிர்வும் சத்தமும் குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. விசிறியை நடுக்குடத்திலிருந்து நிரப்புவார்கள். உருகல் ஒவ்வோர் இறக்கை வழியாகவும் வெளியே ஓடி, வளையத்தை எட்டி, இடமும் வலமுமாகப் பிரியும். அடுத்த இறக்கை வழியாக வந்ததும் அப்படியே பிரியும். இரண்டு இறக்கைகளுக்கு நட்டநடுவே, வளையத்தில், இரண்டும் நேருக்கு நேர் முட்டும். ஏழு இறக்கை என்றால் வளையத்தில் ஏழு கோடுகள். வளையம்தான் கடைசியில் நிறையும் இடம். ஆகவே உருகல் அங்கே ஆறிப்போய் வருகிறது. துரத்தப்பட்ட காற்றும் அங்கேதான் சிக்குகிறது. கேட்டிலிருந்து வெகுதூரம் என்பதால் இறுக்கி நிரப்பும் அழுத்தமும் அங்கே குறைவு. ஒரு கோட்டுக்கு வரக்கூடிய கெடுதல் அத்தனையும் ஒரே இடத்தில் கூடிவிடுகிறது.

இப்போது விசிறி சுழலட்டும். விட்டம் 40 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொண்டால், வளையம் நொடிக்கு 63 மீட்டர் வேகத்தில் பறக்கிறது; மணிக்கு 226 கிலோமீட்டர். வளையத்தின் ஒவ்வொரு கிராமும் இரண்டு கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசையோடு வெளியே விலகப் பார்க்கிறது. அந்த விலகலை வளையம் தன் சுற்றளவில் ஏற்படும் இழுப்பால் அடக்கி வைக்கிறது. இழுப்பின் திசையோ ஏழு கோடுகளுக்கும் மிகச் சரியாகக் குறுக்கே! வளையத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் இந்த இழுப்பு 5 மெகாபாஸ்கலைச் சற்றுத் தாண்டும். கோட்டின் மேல் 100 மெகாபாஸ்கல் தாங்கும் நைலானுக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எஞ்சின் அறையின் 120 டிகிரிச் சூட்டில் அந்த 100 ஏறத்தாழ பாதியாகிவிடும். லட்சக்கணக்கான முறை ஓடி நின்று அதிர்கிற பொருளில், ஒருமுறை தாங்கும் வலிமையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நம்ப முடியாது. அப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் தோராயமாக 15ல் வந்து நிற்கும். 5க்கும் 15க்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் மேடுபள்ளச் சாலையின் குலுக்கலும், சமநிலை தவறிய இறக்கையும், கோட்டில் சிக்கிய ஒரு காற்றுக்குமிழும் பங்கு கேட்கின்றன.

துளையின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. ஒரு தகட்டில் வட்டத்துளை போட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகப் பெருகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். வார்ப்பில் துளையை உண்டாக்குவது மோல்டில் நிற்கும் ஊசி. உருகல் ஊசியைச் சுற்றிப் போய்ப் பின்னால் சேரும். கோடு துளையின் விளிம்பிலிருந்தே தொடங்கும். இழுப்பின் திசை சாதகமாக இல்லாவிட்டால், விசை மூன்று மடங்காகும் இடமும் வலிமை மூன்றில் ஒன்றாகும் இடமும் ஒரே புள்ளியில் சந்தித்துவிடும். ஸ்க்ரூ ஏறும் பாஸ் எனப்படும் சிறு குழல்கள் நீளவாக்கில் பிளப்பதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஸ்க்ரூ குழலை உள்ளிருந்து விரிக்கிறது. கோடு குழலின் உயரம் முழுவதும் ஓடுகிறது. விரிப்பு நேராகக் கோட்டைப் பிளக்கிறது. ஸ்க்ரூவை அதிகமாக முறுக்கிவிட்டதாக அசெம்பிளி லைனில் நிற்பவரைக் கடிந்துகொள்வது எளிது. அந்தக் குழலில் கோடு எந்தப் பக்கம் விழுகிறது என்று யாராவது பார்த்தார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பழி போகும் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல தொழிற்சாலைகளில் நடப்பது இது: வாடிக்கையாளரிடமிருந்து உடைந்த துண்டுகள் திரும்பி வரும். முதல் சந்தேகம் குருணை மேல். சரியாகக் காயவில்லை, பழைய சரக்கைக் கலந்துவிட்டார்கள் என்பார்கள். அடுத்த சந்தேகம் நைட் ஷிப்ட் ஆபரேட்டர் மேல். பேரல் சூட்டைப் பத்து டிகிரி ஏற்று, வேகத்தைக் கூட்டு, அழுத்தத்தைக் கூட்டு என்று உத்தரவு வரும். அவரும் ஏற்றுவார். பரப்பில் தெரிந்த கோடு மங்கும். எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் உடைந்த துண்டுகள் மறுபடி வரும்.

சூட்டை ஏற்றினால் ஆறுவது சங்கிலிகளின் காயம். இழைகள் கோட்டோடு படுத்த கோலம் சூட்டுக்கு மாறாது. ஆகவே கண்ணாடி கலந்த பொருளில் மெஷின் அருகே நின்று திருத்தக்கூடியது கொஞ்சம்தான். மோல்டின் சுவரை நீராவியால் சுடவைத்து, நிறைந்தபின் குளிர்விக்கும் முறை ஒன்று உண்டு. தொலைக்காட்சிச் சட்டங்கள் கோடு தெரியாமல் கண்ணாடிபோல் பளபளப்பது அதனால்தான். கண்ணுக்கு அது அழகு. இழை கலந்த பொருளில் அழகு மட்டுமே போதாது. கோடு மறைந்தது வேறு, கோடு ஆறியது வேறு. பெயின்ட் அடித்தோ, பரப்பைச் சொரசொரப்பாக்கியோ மறைத்த கோடு, தெரிகிற கோட்டைவிட ஆபத்தானது. சோதிப்பவர் பார்வை அங்கே போகாது.

இன்னொரு சிக்கல் வலிமை அட்டவணையில் இருக்கிறது. குருணை விற்கிற நிறுவனம் தருகிற தாளில் 180 என்று அச்சாகியிருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்த எண் வந்தது, 10 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு சோதனைத் துண்டிலிருந்து. அதை ஒரு முனையிலிருந்து மட்டுமே நிரப்புவார்கள், இழைகள் பெரும்பாலும் இழுக்கப்போகும் திசையிலேயே படுத்திருக்கும், கோடு கிடையாது. அதே துண்டை இரு முனையிலிருந்தும் நிரப்பி, நடுவில் கோட்டை வரவழைத்து இழுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும்.

மருந்து மோல்டில்தான் இருக்கிறது. முதல் மருந்து, கேட்டை நகர்த்துவது. கோட்டை ஒழிக்க முடியாவிட்டாலும், இழுப்பு விழாத இடத்துக்கு அதைத் தள்ளிவிடலாம். பல பொருள்களில் இது ஒன்றே போதும். இரண்டாவது, கோடு விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வழிப்பை வைப்பது. முகங்கள் முட்டியதும் அங்கேயே நின்றுவிடாமல், ஆறிய உருகலும் காற்றும் அந்தப் பைக்குள் ஓடும். ஓடும்போது நேர்க்கோடாக நின்ற எல்லை வளைந்து குலைகிறது, சில இழைகளாவது குறுக்கே திரும்புகின்றன. பிறகு பையை வெட்டி எறிந்துவிடலாம். விசிறி வளையங்களுக்கு இது நல்ல வழி. மூன்றாவது, வால்வு வைத்த கேட்டுகளை வரிசையாகத் திறப்பது. முதல் கேட்டிலிருந்து வரும் முகம் இரண்டாவது கேட்டைத் தாண்டியபின்தான் இரண்டாவது திறக்கும். எதிரெதிர் முகங்களே உருவாகாது. கார் பம்பர் போன்ற நீண்ட பொருள்களை இப்படித்தான் கோடில்லாமல் எடுக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் துணிச்சலான வழி இங்கிலாந்தில் பிறந்தது. புரூனெல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆலனும் மைக்கேல் பெவிஸும் 1980களில் ஸ்காரிம் என்ற முறையை உருவாக்கினார்கள். மோல்டு நிறைந்தபின், உறைவதற்குள், இரு பக்கமும் பிஸ்டன்கள் மாறிமாறித் தள்ளி உருகலை முன்னும் பின்னும் அசைக்கும். வெளித்தோல் உறைய உறைய, உள்ளே அசைவு தொடரும். கோட்டோடு படுத்த இழைகள் அசைவின் திசைக்குத் திரும்பும். கோட்டின் குறுக்கே இழைகள் கிடக்கத் தொடங்கும். மூல காரணத்திலேயே கைவைத்த வழி இது. மோல்டும் மெஷினும் விலை கூடும், ஒவ்வொரு துண்டுக்கும் நேரமும் கூடும் என்பதால் பரவலாகவில்லை. அது வருத்தத்துக்குரியது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் கோவைக்குப் போகலாம். போர்வெல் மோட்டாரோடு சேரும் பம்புக்குள் அடுக்கடுக்காக இருக்கும் இம்பெல்லர்களில் பல, கண்ணாடி நிரப்பிய நோரிலால் ஆனவை. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஆலன் ஹே 1956ல் கண்ட ஒரு பாலிமரிலிருந்து பிறந்து, 1966ல் சந்தைக்கு வந்த பிளாஸ்டிக் அது. மோட்டார் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய பெயர். இம்பெல்லரின் நடுவே ஷாஃப்ட் நுழையும் துளை; சில மாதிரிகளில் அது அறுகோணம். மூன்று சிறு கேட் வைத்து நிரப்பினால் துளையைச் சுற்றி மூன்று கோடுகள். அறுகோணத்தின் ஒரு மூலையில் கோடு வந்து அமர்ந்துவிட்டால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த மூலை நெம்பப்படும். துளையைச் சுற்றிலும் வட்டத்தகடு போல விரியும் டயாஃப்ரம் கேட் வைத்தால் உருகல் எல்லாத் திசையிலும் ஒரே சமயம் விரியும். அங்கே கோடே விழாது. அந்தத் தகட்டைப் பிறகு வெட்டியெடுக்க ஒரு வேலை கூடும். 600 அடி ஆழத்திலிருந்து குழாயை உருவி எடுத்து ஓர் இம்பெல்லரை மாற்ற ஒரு விவசாயிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அந்த ஒரு வெட்டு எந்தக் கணக்கிலும் மலிவு.

கோடு எங்கே விழும் என்பதை எஃகை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட முடியும். பாகான திரவத்தில் மிதக்கும் நீள்வட்டத் துகள் எப்படிச் சுழலும் என்று ஜெஃப்ரி என்பவர் 1922ல் எழுதிய சமன்பாட்டை அடிப்படையாக வைத்து, ஃபோல்கரும் டக்கரும் 1984ல் இழைகளின் திசையைக் கணிக்கும் வழியைத் தந்தார்கள். அதற்கு முன்பே, 1978ல், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் தொடங்கிய மோல்டுஃப்ளோ, உருகலின் ஓட்டத்தைக் கணினியில் காட்டத் தொடங்கியிருந்தது. அந்த மென்பொருளை வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்கும் வழி உண்டு. புது மோல்டை முதன்முதலாக மெஷினில் ஏற்றும்போது, முழுதாக நிரப்பாமல் பாதி, முக்கால், 90 சதவீதம், 95 சதவீதம் என்று நிறுத்தி நிறுத்தித் துண்டுகளை எடுத்துப் பார்ப்பது. ஷார்ட் ஷாட் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். அந்த அரைகுறைத் துண்டுகளை வரிசையாக மேஜைமேல் வைத்தால், முகங்கள் எங்கே சந்திக்கப் போகின்றன என்பதை ஒரு பத்தாம் வகுப்பு மாணவர்கூடக் காட்டிவிடுவார்.

சந்தேகம் தீராவிட்டால் துண்டை 600 டிகிரி உலையில் வைத்துப் பிளாஸ்டிக்கை எரித்துவிடலாம். உலையைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கண்ணாடி இழைகளாலான கூடு மட்டும் நிற்கும். தொட்டால் நொறுங்கும் அந்தக் கூட்டில், கோடு இருந்த இடம் தனியே தெரியும். இழைகள் கைகோக்காமல் விலகி நிற்கும் பிளவாக.

1968ல் சென்னையில் தொடங்கிய சிப்பெட் என்னும் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்து வரும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். அவர்களிடமும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளிடமும் இந்த உரைக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொருளின் வரைபடத்தில் நீளம், அகலம், தடிமன் எழுதுவதைப் போல, வெல்டு லைன் எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்பதையும் குறியுங்கள். குருணை விற்பவரிடம் கோட்டின் மேல் உள்ள வலிமையையும் கேளுங்கள். முதல் ட்ரையலில் எடுத்த ஷார்ட் ஷாட் துண்டுகளைக் குப்பையில் போடாமல், தேதி எழுதித் தரக்கட்டுப்பாட்டு அலமாரியில் வையுங்கள். உடைந்த துண்டு திரும்பி வரும் நாளில், நைட் ஷிப்ட் ஆபரேட்டரைக் கூப்பிடுவதற்கு முன் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.